மார்புப் பையா, கழுத்துப் பட்டையா? பைனாகுலரைச் சுமக்கும் வழிகள்

பைனாகுலர் வாங்கினால் அதே பெட்டிக்குள் ஒரு கழுத்துப் பட்டையும் வந்துவிடும். பெரும்பாலோர் அதையே மாட்டிக்கொண்டு பறவை பார்க்க ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எட்டு மடங்கு பெரிதாக்குவதா பத்து மடங்கா, முன் லென்ஸின் அகலம் 42 மில்லிமீட்டரா 32 மில்லிமீட்டரா என்று மாதக்கணக்கில் விசாரித்து வாங்கியவர்கூட, வாங்கிய பொருளை நாள் முழுக்க உடம்பில் எங்கே வைத்துக்கொள்வது என்று யோசிப்பதில்லை. நிக்கான் மோனார்க் எம்5 வரிசையின் 8×42 பைனாகுலர் 630 கிராம் எடை. வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி 8×42 அதைவிடச் சற்றே குறைவு. கடையில் கையில் வாங்கிப் பார்க்கும்போது இது ஒரு எடையாகவே தோன்றாது. காலை ஆறு மணிக்குக் கழுத்தில் மாட்டிப் பத்து மணிக்கு இறக்கினால் பிடரி கணக்குச் சொல்லும்.

இந்தப் பிடரி வலிக்கு மருந்தாக இப்போது பரவலாகச் சொல்லப்படுவது மார்புப் பை. நெஞ்சுக்கு நடுவே உட்காரும் சிறிய துணிப்பை அது. இரு தோள்களின் மேலாகச் செல்லும் வார்கள் முதுகில் பெருக்கல் குறிபோலக் குறுக்கிட்டு, விலாப் பக்கமாகத் திரும்பி வந்து பையின் அடியில் பக்கிளில் மாட்டும். மேலே ஒரு மூடி. உள்ளே பைனாகுலர். பக்கவாட்டில் போனும் குறிப்பேடும் லென்ஸ் துடைக்கும் துணியும் வைக்க இடம். இதை ஏரி, உப்பளம், மலைக்காடு என்று வெவ்வேறு நிலங்களில் மாட்டிப் பார்த்து, பழைய வழிகளோடு ஒப்பிட்டு வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையிலும் கடலோரத்திலும் இந்தப் பை தன் விலைக்கு உழைக்கிறது. சமவெளி ஏரிக்கரையில் அது வேண்டாத சுமை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் சொல்வது மார்புப் பையை அல்ல, முதுகில் குறுக்கிடும் சாதாரண வார்க்கட்டை.

இந்தப் பை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அதன் நல்லதும் கெட்டதும் பாதி விளங்கிவிடும். செயற்கைப் பூச்சியைத் தூண்டிலில் கட்டி வீசி மீன் பிடிக்கும் அமெரிக்கர்கள் ஆற்றுக்குள் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு வேலை செய்பவர்கள். இடுப்பில் பை கட்டினால் நனையும். முதுகில் மாட்டினால் ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும், கரையோ தூரத்தில் இருக்கிறது. ஆகவே எல்லாச் சாமானும் நெஞ்சுக்கு ஏறியது. லீ வுல்ஃப் என்ற தூண்டில்காரர் 1930களில் பல பைகள் வைத்த மேலங்கியை உருவாக்கியதாகச் சொல்வார்கள். நெஞ்சில் கட்டும் தனிப் பையும் அந்த வழியில் வந்ததுதான். பைனாகுலருக்கென்றே தைத்த மார்புப் பையோ அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மான் வேட்டைக்குப் போகிறவர்களின் தேவையிலிருந்து பிறந்தது. மேட்டில் உட்கார்ந்து எதிர்ச்சரிவை மணிக்கணக்கில் பைனாகுலரால் துழாவுவது, பிறகு முதுகில் பெரிய மூட்டையோடு ஏறுவது, திரும்பவும் உட்கார்ந்து துழாவுவது அவர்களுடைய வேலை. காற்று வறண்டது, குளிர்ந்தது, தூசி நிறைந்தது. அந்த வேலைக்கு மூடியுள்ள பை கச்சிதமாகப் பொருந்துகிறது. பல பைகளில் பக்கவாட்டில் கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரே வைப்பதற்கென்று தனி உறைகூட உண்டு. நான் அதில், காட்டில் காலில் ஏறும் அட்டையை விரட்ட மூக்குப்பொடி டப்பா வைக்கிறேன். அளவு அவ்வளவு பொருத்தம்.

வியர்வை என்ற ஒன்றை அந்தப் பையை வடிவமைத்தவர்கள் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் பழைய வழிகள்.

கழுத்துப் பட்டையைக் குறை சொல்வது எளிது. நடக்கும்போது பைனாகுலர் வயிற்றில் இடிக்கும். குனிந்தால் முன்னே ஊசலாடும். வேடந்தாங்கல் போன்ற இடங்களில் காவல் கோபுரப் படிகளில் ஏறும்போது கம்பியில் மோதி ஒரு சத்தம் எழுப்பும். வாங்கியவருக்கு மட்டும் அந்தச் சத்தம் நெஞ்சில் கேட்கும். வெயிலில் பட்டைக்கு அடியில் வேர்க்குரு வந்துவிடும். ஆனாலும் ஒரு விஷயத்தில் கழுத்துப் பட்டையை எதுவும் வெல்லவில்லை. கழற்றி இன்னொருவர் கையில் கொடுப்பது. 2015 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குப் பள்ளிப் பிள்ளைகளோடு ஏரிக்குப் போனவர்களுக்கு இது தெரியும். இரண்டு பைனாகுலர், இருபது பிள்ளைகள். ஒவ்வொருவரும் நாமக்கோழியின் வெள்ளை நெற்றியைப் பார்த்தாக வேண்டும். கழுத்துப் பட்டை என்றால் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு நொடியில் மாறிவிடும். மார்புப் பையில் பைனாகுலரைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும் சிறு வார்கள் பையோடு கோத்திருக்கும். அதை அவிழ்க்காவிட்டால் பிள்ளை நம் நெஞ்சில் சாய்ந்துதான் பறவையைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள், ஊர்க்காரர்களுக்குக் காட்டிப் பழகியவர்கள் கழுத்துப் பட்டையைத் தூக்கி எறியாமல் இருப்பது நல்லது. பெட்டியில் வந்த ஒல்லிப் பட்டைக்குப் பதிலாக அகலமான, சற்று மெத்தென்ற பட்டை வாங்கினாலே வலி பாதியாகக் குறையும்.

காசில்லாத வழி ஒன்றும் உண்டு. அதே பட்டையை முழு நீளத்துக்குத் தளர்த்தி, ஒரு தோளின் மேலாகவும் மறு கையின் அடியாகவும் குறுக்காக மாட்டிக்கொள்வது. நடத்துநர் பையை மாட்டுகிற முறைதான். எடை கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும், பைனாகுலர் விலாவோடு ஒட்டி நிற்கும், வேண்டுமென்றால் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு ஏணி ஏறலாம். பட்டை போதிய நீளம் இல்லாவிட்டால் கண்ணுக்கு எட்டாது. கண்ணுக்கு எட்டும் நீளம் வைத்தால் நடக்கும்போது இடுப்பில் தட்டும். முதுகுப் பையோடு சேர்ந்தால் வார்கள் ஒன்றோடொன்று சிக்கும். ஒரு மணி நேர ஏரிக்கரை நடைக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

வார்க்கட்டு என்பது மார்புப் பையிலிருந்து பையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது. இரண்டு நெகிழும் வார்கள், முதுகில் ஒரு தோல் துண்டோ தட்டோ, முன்னால் பைனாகுலரில் மாட்டும் கொக்கிகள். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. எடை இரு தோள்களுக்கும் பிரிந்துவிடுவதால் பிடரிக்கு வேலையே இல்லை. நெஞ்சின் மேல் காற்றுப் படும். பைனாகுலர் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில், மூடியில்லாமல், தயாராக நிற்கும். கண்ணுக்குத் தூக்கும்போது வார் நெகிழ்ந்து கொடுக்கும், இறக்கியதும் தானே நெஞ்சுக்குத் திரும்பும். இந்த நெகிழ்ச்சியே அதன் குறையும்கூட. வேகமாக நடந்தால் பைனாகுலர் மேலும் கீழும் குதிக்கும். நம் வெயிலில் எலாஸ்டிக் விரைவில் தளர்ந்து கயிறாகிவிடும். லென்ஸ்களுக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. தூறலில் கண் பக்கத்து லென்ஸின் மேல் மழைமூடியைப் போட்டுவிடலாம். சேற்றுக்கும் மணலுக்கும் அதுவும் உதவாது. கொக்கி வாங்கும்போது ஒரு பக்கம் அழுத்தினால் விடுபடும் பிளாஸ்டிக் கொக்கியாகப் பார்த்து வாங்கினால், முன்சொன்ன பிள்ளைகள் பிரச்சினையும் தீர்ந்துவிடும்.

இடுப்புப் பை, குறுக்குத் தோள்பை, பல பைகள் வைத்த மேலங்கி ஆகிய மூன்றும் பைனாகுலருக்கு உதவாது. உடன் செல்லும் சாமான்களுக்கு உதவும். இடுப்புப் பையில் தண்ணீர் பாட்டிலும் கையேடும் வைத்துக்கொண்டு, பைனாகுலரை வார்க்கட்டில் தொங்கவிட்டுப் போகிற ஒருவருக்குச் சமவெளியில் வேறு எதுவும் தேவைப்படாது. மேலங்கியைச் சித்திரை வெயிலில் போட்டுக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பொறுமைக்கு வணக்கம்.

இப்போது மார்புப் பை. இதை எப்படிச் சோதித்தேன் என்று சொல்வதைவிட, எங்கெங்கே அது தன் குணத்தைக் காட்டியது என்று சொல்வது பயன்படும்.

பையை மாட்டும் முறையிலேயே பாதி வெற்றி தோல்வி தீர்மானமாகிறது. முதுகில் வார்கள் குறுக்கிடும் இடம் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, கழுத்துக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். மேலே ஏறினால் கழுத்துப் பட்டை மாதிரியே பிடரியை இழுக்கும். அப்படியென்றால் காசு கொடுத்து வாங்கியதில் அர்த்தமில்லை. விலாப் பக்கத்து வார்களைத்தான் இறுக்க வேண்டும், தோள் வார்களை அல்ல. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பிறகு பை குதிக்கிறது என்கிறார்கள். பையின் மேல்விளிம்பு நெஞ்செலும்பின் நடுப்பகுதிக்கு வந்தால் போதும். அதற்கு மேலே போனால் குனியும்போது மோவாய் மூடியில் இடிக்கும். முதுகுப் பையும் உண்டு என்றால் முதலில் மார்புப் பை, அதன் மேல் முதுகுப் பை. முதுகுப் பையின் நெஞ்சுவார் மார்புப் பைக்கு அடியில் போக வேண்டும். இந்த வரிசை மாறினால் நடுக்காட்டில் நின்று எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். அட்டை ஏறுகிற தடத்தில் இது மகிழ்ச்சியான வேலையாக இருக்காது.

மூடி எந்தப் பக்கம் திறக்கிறது என்று கடையில் யாரும் பார்ப்பதில்லை. நான் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான். நம் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகச் சாயும் மூடி என்றால் கை நேரே உள்ளே போய்ப் பைனாகுலரைப் பிடித்துவிடும். உடம்பை நோக்கித் திறக்கும் மூடி நெஞ்சுக்கும் பைனாகுலருக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும். எடுக்கும்போதும் தடுக்கும், திரும்ப வைக்கும்போதும் உள்ளே மடங்கிச் சிக்கிக்கொள்ளும். வாலாட்டிக்கொண்டு ஒரு நொடி மட்டும் கிளையில் உட்காரும் ஈப்பிடிப்பானுக்கு இந்தத் தடுமாற்றம் போதும், பறந்து போய்விடும்.

அடுத்தது சத்தம். மூடியை வெல்க்ரோவால் ஒட்டியிருந்தால் அந்தப் பையை வாங்கவே வேண்டாம். சோலைக்காட்டின் காலை அமைதியில் வெல்க்ரோவைப் பிரித்தால் நமக்கு முன்னால் இருபதடி தூரத்தில் பாடிக்கொண்டிருந்த சோலைபாடி நிறுத்திவிடும். ஜிப் மெல்லத் திறந்தால் பரவாயில்லை, ஆனால் இரண்டு கையும் வேண்டும். எலாஸ்டிக் கயிற்றை ஒரு கொக்கியில் மாட்டும் முறை சத்தமே போடாது, மழைக்கு மட்டும் இடைவெளி விடும். காந்த மூடிதான் கைக்கு மிக எளிது. ஒற்றை விரலால் தூக்கலாம், விட்டால் தானே மூடிக்கொள்ளும்.

காந்தத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. இதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற கருவி வைத்திருப்பவர்கள் காந்த மூடியுள்ள மார்புப் பையை வாங்கக் கூடாது. காந்தம் அந்தக் கருவிகளின் செயல்பாட்டை மாற்றக்கூடும். காந்தங்கள் உள்ள தன் போனையே இத்தகைய கருவிகளிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு அப்பால் வைக்கச் சொல்கிறது ஆப்பிள் நிறுவனம். மார்புப் பையோ அதே நெஞ்சின் மேல் நாள் முழுக்க உட்காரும் பொருள். நம்மோடு பறவை பார்க்க வருபவர்களில் ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பரிசாக வாங்கிக் கொடுப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றவர்களுக்குச் சின்னத் தொல்லை ஒன்று மட்டும்: பையின் முன்னறையில் போனை வைத்தால் வரைபடத்தில் திசை காட்டும் அம்பு தாறுமாறாகத் திரும்பும். இருக்கும் இடம் சரியாகவே காட்டும், திசைதான் பிசகும்.

பாதம் தெரியாமல் போவதுதான் இந்தப் பையின் பெரிய குறை என்பது என் எண்ணம். இதை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. 42 மில்லிமீட்டர் பைனாகுலரோடு பை நெஞ்சிலிருந்து அரைச் சாண் அளவுக்கு முன்னே துருத்தும். நிமிர்ந்து நடக்கும்போது அடுத்த எட்டு எங்கே விழுகிறது என்று பார்க்கக் கண்ணைத் தாழ்த்தினால் தெரிவது பையின் மூடி. சமதரையில் இது பொருட்டில்லை. வால்பாறைப் பக்கம் தேயிலைச் சரிவுகளில் இறங்கும் படிகள் நினைத்த உயரத்துக்கு வெட்டியவை, மழைக்காலத்தில் பாசி படிந்தவை. அங்கே பக்கவாட்டில் திரும்பி நின்று ஒவ்வொரு காலாக இறக்க வேண்டியிருந்தது. தென்மேற்குப் பருவமழையில் அந்தத் தடங்களின் ஓரச் செடியில் குழிவிரியன் சுருண்டு கிடப்பதும் சாதாரணம். காலடியைப் பார்த்து நடக்கிற பழக்கத்தைக் கெடுக்கும் எந்தச் சாமானும் எனக்குக் கொஞ்சம் பயம்தான். 32 மில்லிமீட்டர் பைனாகுலருக்கான ஒல்லிப் பை இந்த விஷயத்தில் வெகுவாக உதவுகிறது. முன்னறையில் போனும் டைரியும் டார்ச்சும் அடைத்துப் பையைக் கர்ப்பிணியாக்காமல் இருந்தாலும் உதவும்.

இத்தனை குறையையும் சொல்லிவிட்டு மலைக்காட்டுக்கு ஏன் இதையே சிபாரிசு செய்கிறேன் என்றால், அங்கே கைகளுக்கு வேறு வேலை இருக்கிறது. வேரைப் பிடித்து ஏற வேண்டும், முட்செடியை விலக்க வேண்டும், காலுறைக்கு மேல் ஏறும் அட்டையைத் தட்டிவிட வேண்டும். குனிந்து அட்டையைத் தட்டும் அந்த ஒரு அசைவைக் கழுத்துப் பட்டையோடு செய்து பாருங்கள். பைனாகுலர் முழங்காலில் மோதி ஈரச் சேற்றில் முகம் வைக்கும். மார்புப் பையில் அது அசையாது. யானைத் தடத்தில் வனக்காவலர் திடீரென்று கையைக் காட்டி வேகமாகப் பின்வாங்கச் சொன்னாலும் நெஞ்சோடு ஒட்டியே வரும். மழை சட்டென்று பிடித்தால் மூடியை மூடினால் போதும், பைனாகுலரை எங்கே ஒளிப்பது என்று தேட வேண்டாம். விடாது கொட்டும் மழைக்கு மட்டும் மேலே போட ஒரு உறை வேண்டும். பையின் துணி நீரைத் தடுத்தாலும் தையல் வழியாகக் கசிவது உறுதி.

குளிரில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. மார்கழி, தை மாதங்களில் உதகைப் பக்கம் விடியற்காலையில் வெறுமனே தொங்கும் பைனாகுலரைக் கண்ணில் வைத்தால், கண்ணின் ஈரச்சூடு பட்டு லென்ஸ் மங்கிப்போகும். துடைத்தால் மீண்டும் மங்கும். பைக்குள் உடம்புச் சூட்டில் இருந்த பைனாகுலர் அவ்வளவாக மங்குவதில்லை, கண்ணாடி காற்றைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பதால். ஏசி காரிலிருந்து புழுக்கத்துக்குள் இறங்கும்போது நடப்பது இதற்கு மறுபக்கம். அப்போது பையை மூடியே வைத்திருந்து கண்ணாடி மெல்லச் சூடேறிய பிறகு திறந்தால் ஆவி படியாது.

கடலோரத்தில் நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கோடியக்கரைக்கும் வேதாரண்யம் உப்பளங்களுக்கும் நடுவே வீசும் காற்றில் உப்பும் பொடிமணலும் சேர்ந்தே வரும். திறந்து தொங்கும் பைனாகுலரின் முன் லென்ஸில் ஒரு மணி நேரத்தில் மெல்லிய உப்புப் படலம் படிந்துவிடும். அதைச் சட்டை நுனியால் துடைத்தால் கண்ணாடியின் பூச்சில் கீறல் விழும். உப்பளத்தில் பூநாரைக் கூட்டத்தைத் தேடி வரப்பின் மேல் நடக்கும் நேரமெல்லாம் பை மூடியே இருந்தது. நின்று பார்க்கும்போது மட்டும் திறந்தேன். உள்ளான்களைப் பிரித்தறிய மணிக்கணக்கில் நிற்கும் இடத்தில் எடுக்கும் வேகம் முக்கியமில்லை, கண்ணாடியின் தெளிவுதான் முக்கியம். உப்புக் காற்றுக்குப் பிளாஸ்டிக் பல் ஜிப் தாங்கும். உலோக ஜிப் பச்சை பிடித்து நின்றுவிடும்.

சமவெளிக்கு வந்தால் கதை மாறுகிறது. பள்ளிக்கரணையில் தை மாதக் காலை எட்டு மணி வரை யாருக்கும் எதுவும் கனமாகத் தெரியாது. மாசி கழிந்தபின் நெஞ்சின் மேல் ஒரு தடித்த நுரைத்தட்டைக் கட்டிக்கொண்டு நடந்தால், சட்டை அந்தச் சதுரம் வரை நனைந்து ஒட்டிக்கொள்ளும். முதுகிலும் பை என்றால் வியர்வை ஆவியாக இருபுறமும் வழியில்லை. கூந்தன்குளத்தில் கூடுகட்டும் காலம் கோடை வரை நீளும். அந்த வெயிலில் சங்குவளை நாரைக் குஞ்சுகளைப் பார்க்கப் போகிறவருக்கு நெஞ்சில் காற்றுப் படுவது லென்ஸில் தூசி படாமல் இருப்பதைவிட முக்கியம். பையின் முதுகுப்புறம் வலைத்துணியாக இருந்தால் கொஞ்சம் தேவலாம். சில பைகளில் அதுவும் இல்லை.

வியர்வை உடம்புக்கு மட்டும் தொல்லை தருவதோடு நிற்காது. ஈரம் ஊறிய நுரைக்குள், இருட்டில், சூட்டில், மூடி வைத்த கண்ணாடிக்கு வருவது பூஞ்சை. நல்ல பைனாகுலர்களில் உள்ளே நைட்ரஜன் நிரப்பி ரப்பர் வளையத்தால் அடைத்திருப்பார்கள் என்பதால் உட்புறத்துக்குப் பயமில்லை. வெளிப்பூச்சின் மேல் சிலந்தி வலை போன்ற இழைகள் படர்வதை அந்த அடைப்பு தடுக்காது. அடைப்பு இல்லாத மலிவு விலைப் பைனாகுலரில் உள்ளேயே படர்ந்துவிடும். பிறகு அதைப் பிரித்துத் துடைக்கும் செலவில் புதிதே வாங்கலாம். அமெரிக்க வறண்ட காற்றில் பையை வீட்டு ஆணியில் அப்படியே மாட்டிவிடலாம். இங்கே வீட்டுக்கு வந்ததும் பைனாகுலரை வெளியே எடுத்து, பையை உதறி, மின்விசிறிக்கு அடியில் காயவைக்க வேண்டும். காய்ந்த பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைக்க வேண்டும். இதைத் தவறாமல் செய்ய மாட்டேன் என்று தெரிந்தவர்கள் மூடியுள்ள பையை வாங்காமல் இருப்பது பைனாகுலருக்குச் செய்யும் உபகாரம்.

பெண்களுக்கு இந்தப் பை எப்படி என்று கேட்டு, என்னோடு வரும் தோழிகள் சிலரை மாட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒரே கருத்து வரவில்லை. தட்டையான நெஞ்சை மனத்தில் வைத்துத் தைத்த பை என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. சிலர் பையைக் கீழே இறக்கி, விலாவின் அடிப்பக்கம் உட்காரும்படி வார்களை நீட்டிக்கொண்டபோது வசதியாக இருந்தது என்றார்கள். அப்படி இறக்கினால் பாதம் இன்னும் மறையும், உட்காரும்போது தொடையில் இடிக்கும். சுடிதார் துப்பட்டாவை வாருக்கு அடியில் போட்டுவிட வேண்டும், மேலே போட்டால் மூடியில் சிக்குகிறது. வார்க்கட்டு பெரும்பாலோருக்குப் பிடித்திருந்தது. குறுக்கே ஒற்றைத் தோளில் மாட்டுவது பலருக்குச் சங்கடமாக இருந்தது.

போக்குவரத்தையும் சொல்லியாக வேண்டும், நம்மில் பலர் ஏரிக்குப் பஸ்ஸிலும் இருசக்கர வண்டியிலும் போகிறவர்கள். கூட்டமான பஸ்ஸில் மார்புப் பை நல்ல துணை. கையில் டிக்கெட், மேலே கம்பி, பைனாகுலர் கண்ணெதிரே பத்திரம். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது ஹெல்மெட்டின் மோவாய்ப் பகுதி பையின் மூடியில் தட்டும், வளைவுகளில் கழுத்தைத் திருப்புவது கஷ்டம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் அப்படியே ஓட்டிப் பார்க்கச் சொல்ல மாட்டேன். கழற்றி முதுகுப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேட்டைக்காரர்களுக்காகத் தைத்த பைகள் பலவும் இராணுவப் புள்ளி நிறத்தில் வருகின்றன. அதை மாட்டிக்கொண்டு சோதனைச் சாவடியில் நின்றால் கேள்விகள் கூடும். வெறும் காக்கிக்கே ஒரு கிராமத்து டீக்கடையில், "தம்பி, எங்கள் நிலத்தை அளக்கவா வந்திருக்கிறீர்கள்?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். பறவை பார்க்க என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மண் நிறமோ சாம்பல் நிறமோ போதும்.

விலை என்று வந்தால், பெயர் பெற்ற அமெரிக்கப் பைகள் நூறு டாலரைத் தாண்டும். அனுப்பும் செலவும் சுங்கவரியும் தனி. அந்தப் பணத்தில் இங்கே ஒரு வார்க்கட்டும் நல்ல இடுப்புப் பையும் வாங்கி, மிச்சத்தில் குளிர்காலத்தில் கோடியக்கரைக்கு ஒருமுறை போய்வரலாம். வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி வாங்குபவர்களுக்கு அந்த நிறுவனத்தின் மார்புப் பை பெட்டியிலேயே சேர்ந்து வருகிறது. அவர்கள் தனியாக வாங்கவே தேவையில்லை. எளிமையான பைதான், ஆனால் மார்புப் பை தங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி இல்லை.

ஆக, ஏரிக்கரை, கண்மாய், வயல்வெளி என்று வீட்டைச் சுற்றிப் பார்ப்பவர் வார்க்கட்டு வாங்கட்டும். பிள்ளைகளோடு போகிறவர் அகலமான கழுத்துப் பட்டை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஆண்டுக்குப் பலமுறை போகிறவர், கடலோரத்தில் நீர்ப்பறவைகளைத் தேடுபவர், பைனாகுலரை முதுகுப் பையோடு சேர்த்து நாள் முழுக்கச் சுமக்கிறவர் மார்புப் பை வாங்கலாம். பெரிய லென்ஸோடு கேமரா தூக்குபவர் மார்புப் பை வாங்கினால், கேமராவைக் கழுத்திலிருந்து இடுப்புப் பக்கத்துக் குறுக்கு வாருக்கு மாற்றியாக வேண்டும். இரண்டும் நெஞ்சில் நிற்க இடமில்லை.

வாங்குவது என்று முடிவு செய்தபின், பைனாகுலரின் நீளத்தையும் அகலத்தையும் கண்வளையங்களை வெளியே இழுத்துவிட்ட நிலையில் அளந்துகொள்ளுங்கள். மோனார்க் எம்5 8×42 ஏறத்தாழ 14.5 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகலம். நேர்க்குழல் அமைப்புள்ள பெரும்பாலான 42 மில்லிமீட்டர் பைனாகுலர்கள் இதை ஒட்டியே இருக்கும், நடுத்தர அளவுப் பையில் அடங்கும். நம்மூரில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலரிடம் இருப்பது ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ் போன்ற தோள் அகன்ற பழைய வடிவம். அதன் அகலம் 18 செ.மீ. அளவுக்கு வரும். 42 மில்லிமீட்டருக்கு என்று எழுதியிருக்கும் பையில் அது இறங்காது. இறங்கும் அளவுக்குப் பெரிய பை வாங்கினால் இரு பக்கமும் கையில் இடிக்கும். அந்தப் பைனாகுலர் வைத்திருப்பவர்கள் வார்க்கட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.